ரோஜா நிறத்துப் பால்

“கைய நீட்டுங்க” என்றார் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி.

தோட்டத்து ஆபீஸ் முற்றத்தில் வரிசையாக நின்ற பெண்கள் எல்லாரும் கையை நீட்டினார்கள். உள்ளங்கை, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் ரோஜா நிறம். ஒருத்தி கைகூடச் சாயம் இல்லாமல் இல்லை. கிராணி முதல் ஆளின் கையைப் பார்த்தார். அடுத்த ஆளின் கையைப் பார்த்தார். மூன்றாவது ஆளிடம் போவதற்குள் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி தோட்டத்து மானேஜரான துரையைத் திரும்பிப் பார்த்தார்.

நான் ஆபீஸ் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மழை பெய்து ஓய்ந்த சனிக்கிழமை மத்தியானம். ஈரமண் மணத்தோடு புகைக்கூண்டிலிருந்து வரும் ரப்பர் நாற்றமும் கலந்திருந்தது. அத்தனை கைகளில் தப்பு செய்தது யாருடைய கை என்று எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரைப் படித்துவிட்டு “எந்த வருஷம், எந்த மாதம்” என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. வருஷமெல்லாம் என் மண்டையில் தங்குவதில்லை.

அழுகின இலை

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். லாரி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தேன். அங்கே சமூக நிலையத்தில் ஒரு மலாய் ஆசிரியை நடத்திய வகுப்பில் ரப்பர் இலையில் பூச் செய்யக் கற்றுக்கொண்டேன். பிறகு சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி, கோப்பெங் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பெண்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கப் போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை. வீட்டில் சும்மா உட்கார எனக்கு வராது, அவ்வளவுதான்.

ரப்பர் இலைப் பூவைக் கண்ணாடிக் கூட்டுக்குள் பார்த்தவர்கள் அதைப் பட்டுத்துணி என்றே நினைப்பார்கள். அது பிறந்த இடத்தை மோந்து பார்த்திருந்தால் வீட்டுக்குள் விடமாட்டார்கள். முற்றிய இலையாகப் பொறுக்கிப் பீப்பாய்த் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். இலையின் சதை அழுகிக் கழன்று வரும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் நரம்பு கிழியாமல் தேய்த்தால், கடைசியில் கொசுவலை மாதிரி ஒரு நரம்புப் பின்னல் மட்டும் கையில் மிஞ்சும். அதை வெளுத்து, சாயத்தில் முக்கி, கம்பியில் கட்டினால் பூ.

தோம்பு என்று நாங்கள் சொல்லும் அந்தப் பீப்பாய்களால், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் முழுக்க நாறும். வேலை முடிந்து வருகிற ஆண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “என்னா காளியம்மாக்கா, செத்த எலிய ஊறுகா போட்டிருக்கியா?” என்பார்கள்.

“ஆமாலா, நீ வந்தா உனக்கும் ஒரு தோம்பு வெச்சிருக்கேன்” என்பாள் காளியம்மா. வகுப்புக்கு அவள்தான் சட்டாம்பிள்ளை. உருவமும் குரலும் பெரிது. முதல் முதலாகப் பூ விற்றுக் காசு கைக்கு வந்ததும் அவள் செய்த காரியம், ஈப்போவுக்கு வந்து பல் டாக்டரிடம் ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டதுதான். வருஷக்கணக்கில் அந்தப் பல்லில் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு மரம் வெட்டியவள். ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் நாங்கள் மரம் வெட்டுவது என்போம். கன்னம் வீங்கியபடியே என் வீட்டுக்கு வந்து, “அக்கா, யாரையும் கேக்காம புடுங்கிட்டேன்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவரை அவள் எதையும் யாரையாவது கேட்டுத்தான் செய்திருக்கிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

ரப்பர் மரம் இலையுதிர்க்கும் மாதங்களில் பால் வற்றிவிடும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். தோட்டத்துக் குடும்பங்கள் வயிற்றைக் கட்டுகிற காலம் அது. அந்த மாதங்களில்தான் காலடியில் இலை குவிந்து கிடக்கும். அத்தனை வருஷமும் கூட்டித் தள்ளிய குப்பையைப் பெண்கள் கோணிப்பையில் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

பாக்கியம்

வகுப்பு நடப்பது ஆயாக் கொட்டகையில். காலையில் பெண்கள் மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற கொட்டகை. மத்தியானத்துக்கு மேல் தொட்டில் சேலைகள் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும், பால்மாவும் மூத்திரமும் கலந்த வாடை வீசும். அங்கே பேச்சும் கேலியுமாகத்தான் வேலை நடக்கும்.

பாக்கியம் பேசமாட்டாள். ஓர் ஓரமாக உட்கார்ந்து சாயம் போடுவாள். அடியில் அடர்த்தி, நுனிக்குப் போகப் போக வெளிறல், நுனியில் மறுபடி ஒரு கோடு. எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்கும் அது வராது, எனக்கும் வராது. ஈப்போவில் பூ வாங்கும் சீனக் கடைக்கார அம்மாள் கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இனி சியாப்பா புவாட்?” என்று மலாயில் கேட்பாள். யார் செய்தது என்று கேட்டது அந்த ஒருத்தியின் பூவுக்கு மட்டும்தான்.

பாக்கியத்தின் புருஷன் தஞ்சோங் மாலிம் பக்கம் வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். இங்கே இவளும் இரண்டு பெண் பிள்ளைகளும். செக்ரோல் என்று ஒரு பதிவு உண்டு. அதில் பேர் இருந்தால்தான் தோட்டத்தில் வேலை, வேலை இருந்தால்தான் லயத்தில் வீடு. புருஷன் பேரை அதிலிருந்து அடித்ததும், ஒற்றை ஆள் வேலை செய்கிற குடும்பத்துக்கு எதற்குப் பக்கத்தில் இடமுள்ள கடைசி வீடு என்று கேட்டார்கள். வேலியோரம் கீரைப் பாத்தி போட்டிருந்த அந்த வீட்டை விட்டுக் கக்கூசுப் பக்கத்து வீட்டுக்கு மாறினாள். மேட்டில் ஏறிப் பால் எடுக்க வேண்டிய மர வரிசையை, யாருக்கும் வேண்டாத மேட்டு நிரையை, அவள் தலையில் கட்டினார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு வழுக்கி வழுக்கி இறங்கி வருவாள். ஒன்றும் பேசமாட்டாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரும். “வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்க?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன். சாயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தாள்.

வாளி

கை நீட்டிய அந்தச் சனிக்கிழமைக்குச் சில நாள் முன்பு, ஈப்போவில் ஒரு பெரிய ஹோட்டல் கல்யாணத்துக்கு ஆர்டர் வந்தது. கடைக்கார அம்மாள் மேடைக்கு வேண்டிய அத்தனை பூவையும் எங்களிடம் கேட்டிருந்தாள். எல்லாம் ரோஜா நிறம். சாயம் பாக்கியத்தின் பொறுப்பு. அவள் சாயம் கரைக்கிற மண்ணெண்ணெய் டின் அடியில் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தது. இலை பாதி ஊறியிருக்கிறது. சாயம் கீழே போனால் அத்தனையும் வீண். பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பால்வாளியை எடுத்துச் சாயத்தை அதில் ஊற்றிவிட்டாள்.

வேலை முடிந்து வாளியைத் தேய்த்துக் கழுவத்தான் செய்தாள். ஆனால் பால்வாளியின் விளிம்பு உள்பக்கம் மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் சாயம் தங்கிவிட்டது. மறுநாள் பால் எடுக்கும்போது வாளிக்குள் மெல்லிசாக ஒரு சிவப்பு இழை ஓடியதைப் பார்த்திருக்கிறாள். மேட்டு நிரையில் தன்னந்தனியாக வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். கீழே ஊற்றினால் இன்றைக்குப் பால் எங்கே என்பார்கள். கொண்டுபோனால் எல்லார் பாலோடும் கலந்து வெள்ளையாகிவிடும் என்று நினைத்தாள். எல்லார் பாலையும் சேர்க்கிற ஸ்டோருக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றிவிட்டாள்.

அவள் நினைத்தபடிதான் ஆகியிருக்கும், ஆசிட் மட்டும் இல்லாதிருந்தால். பால் உறைவதற்கு ஸ்டோரில் ஆசிட் கலப்பார்கள். அது பட்டதும் சாயம் தூக்கிக் கொடுத்துவிட்டது. மறுநாள் காலை தொட்டியின் தடுப்புப் பலகைகளை உருவியபோது, வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய பால்கட்டிகள் கோயில் திருவிழாவில் விற்கிற மிட்டாய் நிறத்தில் இருந்தன. ஸ்டோர்க்காரர் சாமி காரியமோ என்று பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

துரைக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. சனிக்கிழமை பூ வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் ஆபீசுக்கு வர வேண்டும், சொல்லிக்கொடுக்கிற அம்மாளும் வர வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காளியம்மா சாலையிலேயே காத்திருந்தாள். நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள்.

“நீங்க ஒண்ணும் பயப்படாதீங்கக்கா. மிச்சம் இருந்த சாயத்த எல்லாம் கரைச்சாச்சு. எல்லாரும் கைய முக்கிட்டோம். எந்தக் கைன்னு அவரு எப்படிக் கண்டுபுடிப்பாரு?”

“பாக்கியம் என்ன சொல்றா?”

“அவ என்னா சொல்றது? வாயத் தொறக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன்லா.”

பாக்கியத்தைக் கொட்டகை வாசலில் பார்த்தேன். முகம் சுண்டிக் கிடந்தது. “எனக்காக எல்லாரும் கைய நனைச்சிருக்காங்கக்கா” என்றாள். “எனக்கு சோறு எறங்கல.”

எங்கள் மாடு

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு பசு இருந்தது. நெற்றியில் வெள்ளை விழுந்த செவலை. ஒருநாள் கட்டு அறுத்துக்கொண்டு, ரப்பர்க் கன்று வளர்த்திருந்த நாற்றுமேட்டில் புகுந்து மேய்ந்துவிட்டது. அப்போதிருந்த வெள்ளைக்காரத் துரை மாட்டைப் பிடித்துக் கட்டி வைத்து, லயத்து ஆட்களை நிற்கவைத்து, இது யாருடைய மாடு என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் அப்பாவும் திறக்கவில்லை.

மாடு அப்பாவைப் பார்த்துக் கத்தியது. கயிறு இறுகும்வரை எங்கள் பக்கம் இழுத்தது. துரை அப்பாவிடமே வந்து, “உன்னுதா?” என்று கேட்டார். “இல்லீங்க தொரை” என்றார் அப்பா. மாட்டை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மா அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. அவர் அப்படித்தான் சொல்லியிருக்க முடியும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

தோட்டத்து ஆட்கள் பொய் சொல்லுகிறவர்கள் என்று டவுனில் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். படித்தவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். வாயைத் திறந்தால் வீடு போய்விடும் என்ற நிலைமையில் ஒரு வாரம் அவர்கள் குடியிருந்து பார்க்கட்டும்.

முற்றத்தில்

துரை படியிறங்கி வந்தார். வெள்ளைக்காரர்கள் போய் நம்மவர்கள் துரையாகியிருந்த காலம். இளவயது, நெற்றியில் எப்போதும் ஒரு திருநீற்றுக் கீற்று இருக்கும். கத்துகிற ஆள் இல்லை. அன்றைக்கும் கத்தவில்லை.

நீட்டிய கைகளின் வரிசையை ஒருமுறை பார்த்தார். “நல்லா இருக்கு” என்றார். “மாரியம்மன் திருவிழாவுக்குக்கூட நீங்க இவ்ளோ ஒத்துமையா இருந்ததில்ல.”

கைகள் நீட்டியபடியே இருந்தன.

“ஸ்டோர்ல கெட்டுப்போன பாலுக்கு நான் மேல பதில் சொல்லணும். யாருன்னு சொன்னா, அந்த ஒரு ஆளோட போவும். சொல்லலன்னா, இன்னையோட இந்தத் தோட்டத்துல பூ வேல அபிஸ், முடிஞ்சிச்சு. பீப்பாயெல்லாம் ஒடச்சிடுவேன். அதுக்கு மேலயும் பூ செய்யிறவங்க பேரு செக்ரோல்ல இருக்காது.”

நான் முன்னால் போய், “ஐயா, இது தெரியாம நடந்தது...” என்று ஆரம்பித்தேன். “உங்களக் கேக்கலம்மா” என்றார். நான் பழையபடி படிக்கட்டுப் பக்கம் போய் நின்றேன்.

காளியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனை பெரிய உடம்பு சுருங்கிப்போனது போல இருந்தது. ஒவ்வொருத்தியாகக் கையை இறக்கினார்கள். எல்லாரும் பூ வேலையை விட்டுவிட்டார்கள் என்று எனக்கு விளங்கியது. பல் டாக்டரும் போச்சு, வகுப்பும் போச்சு. நான் அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. என் அப்பாவின் மகள் நான், எனக்கு அந்தக் குனிந்த தலை தெரியும்.

அப்போது வரிசையின் கோடியிலிருந்து பாக்கியம் முன்னால் வந்தாள்.

“என் வாளிதான்யா.”

“அவ ஒளறா தொரை!” என்று காளியம்மா கூவினாள்.

“ஒளறல. டின்னு ஒழுவிச்சு. பால்வாளியில ஊத்துனேன். பாலு செவப்பாத்தான் இருந்திச்சு, தெரிஞ்சேதான் கொண்டாந்து ஊத்துனேன். இவங்களுக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல. இவங்க பீப்பாய ஒடைக்காதீங்க.”

கிராணி பேனாவை எடுத்துவிட்டார். துரை அவரைக் கையமர்த்தினார். பாக்கியத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

“புருஷன் இல்லாதவ. ரெண்டு பொண்ணு வெச்சிருக்க” என்றார். குரல் இறங்கியிருந்தது. “நெசத்தச் சொன்னதுனால விட்டுடறேன். ஒன் பேரு செக்ரோல்ல இருக்கட்டும், வீடும் இருக்கட்டும். மத்தவங்க வீட்டு வேலையா பூ செஞ்சுக்கட்டும். நீ மட்டும் இந்தப் பூ வேலய விட்டுடு. இனிமே தொடமாட்டேன்னு இங்கயே சொல்லிட்டுப் போ.”

எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த மனுஷனை மனசுக்குள் கும்பிட்டேன். காளியம்மா அழுகையும் சிரிப்புமாக, “சரின்னு சொல்லுடி” என்று முணுமுணுத்தாள். பாக்கியம் தன் ரோஜா நிறக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காளியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “சரின்னு சொல்லித் தொலையேன்டி, பைத்தியக்காரி!”

பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“பூ வேலய விடமாட்டேன்யா” என்றாள். “மரம் வெட்டுறத விட்டுடறேன்.”

துரை அவளை மறுபடி நிமிர்ந்து பார்த்தார்.

“வீடு?”

“காலி பண்ணிக் குடுத்துடறேன்.”

அவர் திரும்பி ஆபீசுக்குள் போனார். கிராணி பின்னாலேயே போனார். பெண்கள் யாரும் பாக்கியத்தின் பக்கத்தில் போகவில்லை. பயமா, கோபமா, மரியாதையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கோபம்தான். அவளைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போய், “பொம்பளப் பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு எங்க போய் நிப்ப? பூவ நம்பி யாராச்சும் வீட்ட விடுவாங்களா?” என்று கத்தினேன். பூவை நம்பச் சொல்லி அத்தனை சனிக்கிழமையும் பஸ் ஏறி வந்தவள் நான். எனக்கே அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

புந்தோங்

ஈப்போவில் புந்தோங் பக்கம், ஒரு வீட்டின் பின்கட்டில் தகரம் போட்ட அறை ஒன்று பாக்கியத்துக்குக் கிடைத்தது. சுகமாக இருந்தாள் என்று எழுதினால் அது பொய். பீப்பாய் நாற்றத்துக்கு அக்கம்பக்கம் சண்டைக்கு வந்தார்கள். மழைக்காலத்தில் இலை காயாது, சாயம் ஏறாது. ஆர்டரே வராத மாதங்களில் இரண்டு வீட்டில் துணி துவைத்தாள். மூத்தவள் வள்ளி அந்த வருஷம் பள்ளிக்கூடம் மாறியதில் பரீட்சையைக் கோட்டைவிட்டாள். அம்மா முகத்தைப் பார்த்துப் பேச அவளுக்கு ரொம்ப நாள் பிடித்தது.

எண்பதுகளில் நிலைமை தேறியது. பாக்கியத்திடம் வேலை கற்றுக்கொண்டு சம்பாதிக்கிற பெண்கள் அந்தத் தகர அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தோட்டத்திலும் காளியம்மா வகுப்பை விடாமல் நடத்தினாள். இன்றைக்கும் ஏதாவது விழாவில் எனக்கு மாலை போட்டு, எத்தனையோ பெண்களைச் சொந்தக் காலில் நிற்க வைத்தவர் என்று பேசுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். நான் இலையைத் தேய்க்கச் சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கு அந்த முற்றத்தில் பாக்கியம் நின்றாளே, அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். என் வீட்டுக்காரர் லாரியைக் கொண்டுவந்தார். சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கட்டில், தட்டுமுட்டுச் சாமான், இலை மூட்டைகள். இலைப் பீப்பாயை இறக்கிவிடச் சொன்னார், அவள் கேட்கவில்லை. லயத்து ஆட்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். காளியம்மா மட்டும் லாரியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு கேட்வரை நடந்து வந்தாள்.

பின்னால் சாமான்களுக்கு நடுவில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். சின்னவள் என் மடியில் தூங்கிவிட்டாள். வள்ளி, கூட விளையாடிய பிள்ளைகள் கண்ணுக்கு மறைகிறவரை கையை ஆட்டினாள். அப்புறம் திரும்பி உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

“தொரைதான் வீட்டக் குடுக்கறேன்னு சொன்னாருல்லம்மா. சரின்னு ஒரு வார்த்த சொன்னா என்னா? வீட்டுலயே இருந்திருக்கலாம்ல?”

நானும் அதையேதான் கேட்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாக்கியம் ஆடுகிற பீப்பாயை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“சரி சரின்னு சொல்லித்தாண்டி இத்தினி வருசம் அந்த வீட்டுல இருந்தோம்.”